தாழ்வுபாட்டிலே ஒரு பழைய டிஸ்க்

(மன்றத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இந்த மேடையிலே ஏறும் இளைஞர்கள் ஒழுக்கத்தைப் பற்றியோ கல்வியைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். இவ்வாண்டு செயலாளர் எங்களைக் கூப்பிட்டு, "நீங்கள் தாழ்வுபாட்டிலே ஏதோ பழைய கம்பியூட்டரைத் திருத்தினீர்களாமே, அதைச் சொல்லுங்கள்" என்றார். திருத்தவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்த இயந்திரம் இன்றைக்கும் திருந்தாமலேதான் கிடக்கிறது. அதனுள்ளே கிடந்த ஒரு கணக்கைத்தான் மீட்டோம். அதையும் முழுமையாக மீட்கவில்லை. போனதிலே ஒரு பகுதி எங்கள் கையாலேயே போனது. ஆகவே இது வெற்றி விழாப் பேச்சு அல்ல.

தாழ்வுபாடு எங்கே இருக்கிறது என்று இச்சபையிலே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மன்னார் நகரிலிருந்து சைக்கிளிலே போய்வரக்கூடிய தூரம். தீவின் தென்கரை. சோளகம் வீசும் மாதங்களிலே கடல் கொந்தளிக்கும். வாடைக் காலத்திலே குளம்போலக் கிடக்கும். இப்பொழுது கரையோரமாகப் போனால் தம்பபவனிக் காற்றாலைகள் கண்ணிற்படும். மொத்தம் முப்பது. சோளகத்துக்கு முன்பெல்லாம் வள்ளத்தைக் கவிழ்க்கிற வேலைதான் இருந்தது, இப்பொழுது மின்சாரமும் எடுக்கிறார்கள் என்று அங்குள்ள முதியவர்கள் பகிடி சொல்வார்கள்.

ஆனால் 'பாடு' என்ற சொல்லை எம் வயதினர் பலர் அறியமாட்டார்கள். நாங்களும் அறிந்திருக்கவில்லை. கரைவலை வளைத்து இழுப்பதற்கென்று வகுக்கப்பட்ட கரைத்துண்டுக்குப் பாடு என்று பெயர். இந்தப் பாட்டிலே இந்தச் சம்மாட்டியார் இழுப்பது, இத்தனையாம் முறை யாருக்கு, எல்லை எந்த மரத்திலிருந்து எந்த மரம் வரை என்றெல்லாம் கணக்கு உண்டு. அந்தக் கணக்குத்தான் எங்கள் கதையின் பொருள்.

எங்களோடு பல்கலைக்கழகத்திலே படிக்கும் நண்பர் ஒருவரின் அப்பப்பா, எண்பதைத் தாண்டியவர். இளமையிலே சம்மாட்டிமாருக்குக் கணக்கெழுதியவர். 1990 யூன் மாதத்திலே யுத்தம் மீண்டும் மூண்டபோது குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய், கொழும்பிலே தட்டச்சுக் கடையொன்றிலே வேலைக்கமர்ந்தார். அங்கே 1996இலே ஒரு பாவித்த கணினியை வாங்கினார். 486 வகை, விண்டோஸ் 3.1, 210 மெகாபைட் ஹார்ட் டிஸ்க். இன்றைக்கு எங்கள் கைத்தொலைபேசியிலே எடுக்கும் ஒரு சிறு வீடியோவுக்குக்கூட அந்த இடம் போதாது. இரவிலே வேலை முடிந்து வந்து, ஊரின் பாடுகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி, சம்மாட்டிமாரின் பெயர், வலை, வள்ளம், முறை, எல்லை, 1964 டிசம்பர்ப் புயலிலே எது எது போனது என்பதெல்லாம் பாமினி எழுத்துருவிலே அடித்துவைத்தார். ஊருக்குத் திரும்புவோமோ மாட்டோமோ என்று தெரியாத காலம் அது. கரையைத்தான் கொண்டுவர முடியாது, கணக்கையாவது கொண்டுவரலாம் என்பது அவருடைய எண்ணம்.

அச்செடுத்த பிரதி ஒன்று இருந்தது. அதைக் கறையான் தின்றுவிட்டது. யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது கணினியைச் சாக்கிலே சுற்றி லொறியிலே கொண்டுவந்து வைத்திருந்தார். பிறகு பல வருடமாக அதற்கு மின்சாரமே கொடுக்கவில்லை. கண் மங்கிவருகிறது. "அந்தக் கணக்கை ஒருக்கால் வாசிச்சுக் காட்டினால் நான் பிழை திருத்தித் தந்திடுவன், தம்பி" என்று எங்களிடம் கேட்டார். நாங்கள் கணினி படிக்கும் பிள்ளைகள் அல்லவா? ஒரு மத்தியானத்திலே முடித்துவிடலாம் என்று போனோம்.

கடற்கரையிலே இரும்பு படும்பாடு உங்களுக்குத் தெரியும். பெட்டியைத் திறந்தால் ஆணியெல்லாம் துரு. இணைப்பு ஊசிகளை அழிறப்பராலே தேய்த்து, ஸ்பிரிட்டாலே துடைத்து, மின்சாரம் கொடுத்தோம். மின்விசிறி ஓடியது. திரையிலே ஹார்ட் டிஸ்க் இல்லை என்ற செய்தி வந்தது. நண்பரின் முகம் வாடிவிட்டது. ஐயா மாத்திரம் அசையவில்லை.

அது உண்மையிலே சிறிய விஷயம். அக்காலத்துக் கணினியிலே ஒரு சிறு மின்கலம் உண்டு. தன்னோடு இணைந்திருக்கும் டிஸ்க் எத்தகையது என்ற விபரத்தை அந்த மின்கலத்தின் தயவிலேதான் கணினி நினைவிலே வைத்திருக்கும். மின்கலம் செத்தால் டிஸ்க்கையே மறந்துவிடும். டிஸ்க்கின் மேலொட்டிய தாளிலே 989 சிலிண்டர், 12 தலை, 35 செக்டர் என்று அச்சிட்டிருந்தது. அவற்றை அப்படியே பதிந்தோம். கணினி டிஸ்க்கைக் கண்டுகொண்டது. இதிலே எங்களுக்கு வந்த தலைக்கனம்தான் பின்னால் வந்த கேட்டுக்கெல்லாம் காரணம்.

டிஸ்க் தெரிந்தது, கணக்கு தெரியவில்லை. சி டிரைவிலே ஏழெட்டுச் சில்லறைக் கோப்புகள் மாத்திரம் இருந்தன. இடமோ முழுக்க நிரம்பியிருக்கிறது என்றது கணினி. விண்டோஸ் எங்கே, கணக்கு எங்கே? நாங்கள் விழித்தோம். ஐயாதான் சொன்னார்: "இடம் காணாதெண்டு கடைக்காரப் பொடியன் டபிள் பண்ணித் தந்தவன்." அப்பொழுதுதான் விளங்கியது. அது சுருக்கப்பட்ட டிரைவ்.

பெரியோர்களே, இது என்ன வித்தை என்பதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். 1990ஆம் ஆண்டை அடுத்து ஹார்ட் டிஸ்க் என்பது விலையுயர்ந்த பொருள். ஆகவே இருக்கிற டிஸ்க்கிலேயே இரண்டு மடங்கு எழுதும்படி செய்யும் நிரல்கள் வந்தன. அமெரிக்காவிலே ஸ்டாக் என்ற கம்பெனி ஸ்டாக்கர் என்றொரு நிரலை விற்றது. 1993இலே மைக்ரோசொப்ட் கம்பெனி தன்னுடைய டொஸ் 6உடன் டபிள்ஸ்பேஸ் என்ற நிரலை இனாமாகவே சேர்த்துக் கொடுத்தது. எங்கள் உரிமையை மீறிவிட்டார்கள் என்று ஸ்டாக் வழக்காடியது. 1994 பெப்ருவரியிலே யூரிகள் ஸ்டாக்குக்கு 12 கோடி டொலர் கொடுக்கும்படி தீர்த்தார்கள். மைக்ரோசொப்ட் டபிள்ஸ்பேஸை நீக்கி 6.21 என்ற பதிப்பை விட்டது. பிறகு சுருக்கும் முறையை மாற்றி, டிரைவ்ஸ்பேஸ் என்ற பெயரிலே 6.22இலே திரும்பக் கொண்டுவந்தது. இந்த வழக்குக் கதை எதற்கென்று நினைக்காதீர்கள். அது பின்னாலே எங்களுக்கு உதவியது.

சுருக்குவது எப்படி? ஐயா பிட்மன் சுருக்கெழுத்துக் கற்றவர். அவருக்கு நாங்கள் சொன்ன விளக்கம் இது. ஒரு கடிதத்திலே 'சம்மாட்டியார்' என்ற சொல் ஐம்பது தரம் வருகிறது என்று வையுங்கள். இரண்டாம் தரம் முழுவதும் எழுதாமல், "இருபது எழுத்துப் பின்னே போ, அங்கேயிருந்து ஏழெழுத்தைப் பார்த்தெழுது" என்று குறிப்பு மாத்திரம் எழுதினாற் போதும் அல்லவா? இந்த உபாயத்தை 1977இலே எழுதி வெளியிட்டவர்கள் லெம்பல், சிவ் என்ற இரு இஸ்ரவேல் நாட்டு அறிஞர்கள். இருவரும் 2023இலே சில வார இடைவெளியிலே காலமானார்கள். இன்றும் நாம் அனுப்பும் பெரும்பாலான பொதிக் கோப்புகளிலே அவர்களுடைய கையிருக்கிறது. கருவாடு போட்டால் மீன் திரும்பாது. இதிலோ ஒரெழுத்துக் குறையாமல் முழுவதும் திரும்பிவரும். ஆனால் நடுவிலே ஒரெழுத்துக் கெட்டால், அதைப் பார்த்தெழுதச் சொன்ன குறிப்பெல்லாம் கெட்டுவிடும்.

டிரைவ்ஸ்பேஸ் இன்னொரு காரியமும் செய்கிறது. சி டிரைவிலுள்ள எல்லாவற்றையும் சுருக்கி ஒரே ஒரு மாபெரும் கோப்பாகக் கட்டி மறைத்துவைக்கிறது. கணினி தொடங்கும்போது அந்தக் கோப்பைத் திறந்து, இதுதான் சி டிரைவ் என்று நமக்குக் காட்டுகிறது. உண்மையான டிரைவை எச் என்றோ வேறோர் எழுத்தென்றோ ஒதுக்கிவிடுகிறது. கட்டு அவிழாவிட்டால் நாம் காண்பது வெறும் வாசற்படியைத்தான். இந்நிலையிலே பலர் எல்லாம் போய்விட்டது என்று எண்ணி விண்டோஸைப் புதிதாக ஏற்றியிருக்கிறார்கள். அல்லது இவ்வளவு பெரிய கோப்பு எதற்கு என்று அதையே அழித்திருக்கிறார்கள். பிற்காலத்து விண்டோஸ் 2000, எக்ஸ்பி முதலியவற்றிலே கொண்டுபோய்ப் பூட்டினாலும் பயனில்லை. அவற்றுக்கு அந்தக் கட்டை அவிழ்க்கத் தெரியாது.

அந்தப் பிழைகளை நாங்கள் செய்யவில்லை. எங்கள் பிழை வேறு. டொஸிலே ஸ்கான்டிஸ்க் என்றொரு நிரல் உண்டு. டிஸ்க்கிலே பிழை தேடித் திருத்துவது. அதை அந்த மாபெரும் கோப்பின்மேல் ஏவினோம். "இன்ன இடத்திலே அட்டவணை பிழையாக இருக்கிறது, திருத்தவா?" என்று கேட்டது. ஓம் என்றோம். திருத்துமுன், பழைய நிலைக்குத் திரும்புவதற்கு வழிவைக்க ஒரு புளொப்பி தரும்படி கேட்டது. புளொப்பிக்கு அந்த நேரத்திலே எங்கே போவது? வேண்டாம் என்று தட்டினோம். அடுத்தடுத்துக் கேட்டதற்கெல்லாம் ஓம், ஓம், ஓம். கலியாண எழுத்திலே கையொப்பம் வைப்பதுபோல வைத்துக்கொண்டே போனோம்.

முடிந்ததும் சி டிரைவ் திறந்தது! விண்டோஸ் வந்தது! கணக்கு என்ற கோப்பும் வந்தது. நண்பர் கைதட்டினார். திறந்தோம், முதற் பக்கம் தெரிந்தது, இரண்டாம் பக்கத்திலே கணினி உறைந்துபோயிற்று. அணைத்துப் போட்டோம். மறுபடி உறைந்தது. மறுபடி அணைத்தோம். நான்காம் தரம் டிஸ்க்கினுள்ளே டிக் டிக் என்ற ஒலி.

அப்பொழுது ஐயா எழுந்துவந்து, மின்சாரத்தை நிற்பாட்டச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. "அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு, சம்மாட்டியாற்ற கணக்குப் புத்தகம் தண்ணிக்குள்ள கிடந்து எடுத்தது. நான் இளந்தாரி. உடனே விரிச்சுப் பார்க்கப் போனன். சம்மாட்டியார் கையில அடிச்சார். நனைஞ்ச புத்தகத்தை விரிச்சால் ஒற்றையோட ஒற்றை உரிஞ்சு போகும். அப்பிடியே நிழல்ல வைச்சு, காய்ஞ்சாப்போல கத்தி நுனியால ஒவ்வொரு ஒற்றையாய்ப் பிரிச்சனாங்கள். நீங்கள் விரிச்சுப்போட்டியள், தம்பி."

எம் மிசன் பாடசாலையிலே விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியர் ஆயிரம் தரம் சொன்னது ஏறாத தலையிலே, இது ஏறியது.

என்ன நடந்தது என்பதைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டோம். சுருக்கிய டிரைவிலே ஒவ்வொரு கோப்பும் 8 கிலோபைட் துண்டுகளாக வெட்டப்பட்டு, துண்டுதோறும் தனித்தனியே சுருக்கப்படுகிறது. சுருக்காவிட்டால் ஒரு துண்டுக்கு 16 செக்டர் வேண்டும். ஒரு செக்டர் என்பது 512 எழுத்துக் கொள்ளும் ஒரு சிறு அறை. சுருக்கியபின் ஒரு துண்டு நான்கு அறையிலே அடங்கும். இன்னொன்று ஒன்பது அறை பிடிக்கும். எந்தத் துண்டு எந்த அறையிலே தொடங்குகிறது, எத்தனை அறை என்பதற்கு ஒரு தனி அட்டவணை இருக்கிறது. எங்கள் டிஸ்க்கிலே அந்த அட்டவணையில்தான் ஓட்டை விழுந்திருந்தது. ஸ்கான்டிஸ்க்கின் வேலை டிரைவை ஒழுங்குக்குக் கொண்டுவருவது. நம் கணக்கைக் காப்பது அன்று. கணக்குப் பிசகிய அறைகளை அது காலி என்று எழுதி, டிரைவை ஒழுங்குபடுத்திவிட்டது. நாங்கள் விண்டோஸைத் திறக்கத் திறக்க, அது தன் தற்காலிகக் குறிப்புகளை அந்தக் 'காலி' அறைகளிலே கொண்டுபோய் எழுதியது. காலி அல்ல, ஐயாவின் கணக்கு அங்கேதான் இருந்தது.

அடுத்த கிழமை வேறு மனிதராகப் போனோம். முதல் தீர்மானம்: அந்த டிஸ்க்கிலே இனி ஒரெழுத்தும் எழுதுவதில்லை. வாசிப்பது மாத்திரம், அதுவும் ஒரே தரம். முழு டிஸ்க்கையும் அறை அறையாகப் பிரதியெடுத்து, பிரதியிலே வேலை செய்வது. யூஎஸ்பி மாற்றிகளிலே பூட்டிப் பார்த்தோம். இத்தனை பழைய டிஸ்க்குகளை அவற்றிலே பல அறிவதில்லை. நகரிலே ஒரு திருத்தகத்தின் பின்புறத்திலே கிடந்த பழைய தாய்ப்பலகை ஒன்று கிடைத்தது. அதிலே பழைய அகன்ற நாடாக் கம்பிக்கு இடமிருந்தது. அதைக் கொண்டு லினக்ஸைத் தொடக்கி, டிடி-ரெஸ்கியூ என்ற இலவச நிரலாலே பிரதியெடுத்தோம்.

அந்த நிரலின் குணம் எங்களுக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. கெட்ட இடத்திலே முட்டிக்கொண்டு நிற்காது. அதைக் குறித்துவைத்துவிட்டுத் தாண்டிப் போய், முதலிலே நல்ல இடமெல்லாவற்றையும் வாரியெடுக்கும். பிறகு கெட்ட இடங்களுக்குத் திரும்பிவந்து ஓரங்களை மெல்ல மெல்லச் சுரண்டும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு குறிப்பேடும் வைத்துக்கொள்ளும். இடையிலே மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலேயே தொடங்கலாம். நாலு இலட்சத்துப் பதினையாயிரத்துச் சொச்சம் அறைகளிலே, இரவு முடிய, நாற்பத்திரண்டு அறைகள் மாத்திரம் மிஞ்சின. டிஸ்க்கைக் கழற்றித் துணியிலே சுற்றி ஐயாவிடமே கொடுத்துவிட்டோம்.

இனிப் பிரதியின் பிரதியிலே வேலை. லினக்ஸுக்கு முன்னொரு காலத்திலே டி.எம்.எஸ்.டொஸ் என்றொரு நிரல் எழுதியிருந்தார்கள். டபிள்ஸ்பேஸ், டிரைவ்ஸ்பேஸ், ஸ்டாக்கர் மூன்றின் கட்டையும் அவிழ்ப்பது. இன்றைய லினக்ஸிலே அது அப்படியே ஓடாது. ஆயினும் கட்டின் அமைப்பை அதை எழுதியவர்கள் ஒளிக்காமல் எழுதிவைத்திருந்தார்கள். அதை வாசித்துத்தான் வழி கண்டோம். முன்பின் அறியாத யாரோ எழுதிய குறிப்பு, முப்பது வருடம் கழித்துத் தாழ்வுபாட்டுக்கு வந்து உதவியது.

அட்டவணை கெட்டது, ஸ்கான்டிஸ்க் மேலும் கெடுத்தது, இனி அதை நம்புவதற்கில்லை. ஆனால் சுருக்கிய துண்டு ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் அடையாளம் உண்டு. டபிள்ஸ்பேஸ் என்றால் டீ, எஸ் என்ற ஈரெழுத்து. வழக்குக்குப் பிறகு வந்த டிரைவ்ஸ்பேஸ் என்றால் ஜே, எம். ஐயாவின் கணினியிலே இருந்தது 6.22. ஆகவே அட்டவணையைப் பாராமலே, பிரதி முழுவதையும் அறை அறையாகப் பார்த்து, ஜே, எம் என்று தொடங்குகிற அறைகளையெல்லாம் பொறுக்கி, அங்கிருந்து சுருக்கை அவிழ்த்துப் பார்க்கும்படி நண்பர் ஒரு சிறு நிரல் எழுதினார். துண்டுதோறும் தனித்தனியே சுருக்கியிருப்பதால் ஒன்று கெட்டாலும் மற்றது கெடுவதில்லை. இந்த ஒரு நன்மைக்காக அமெரிக்காவிலுள்ள அந்தப் பொறியியலாளரை மனதார வாழ்த்தினோம்.

ஆயிரக்கணக்கான துண்டுகள் அவிழ்ந்தன. எல்லாம் விண்டோஸின் சாமான்கள். இதிலே ஐயாவின் கணக்கு எது? அங்கேதான் பாமினி எழுத்துரு கைகொடுத்தது. இன்றைய யூனிகோட்டிலே தமிழெழுத்துக்குத் தனி இலக்கம் உண்டு. பாமினியிலே அப்படியில்லை, ஆங்கில எழுத்தின் இடத்திலே தமிழ் உருவத்தை வைத்திருப்பார்கள். 'தமிழ்' என்று அடித்தால் கணினியின் உள்ளே கிடப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாமற் பார்த்தால் குப்பை. நாங்கள் 'பாடு' என்ற சொல் உள்ளே எப்படிக் கிடக்கும் என்று பார்த்து, அந்த மூன்றெழுத்து, சிறிய ஜி, சிறிய எச், பெரிய எல், அடிக்கடி வரும் துண்டுகளைத் தேடச் சொன்னோம்.

பதினொரு துண்டு வந்தது.

ஐந்துக்கு மேல் இருக்காதே என்று நினைத்தோம். கோப்பின் அளவு அவ்வளவுதான். பார்த்தால், ஐந்திலே மூன்று முழுமையாக இருந்தன. ஒன்று பாதி. ஒன்று இல்லை, அதன் இடத்திலே விண்டோஸின் தற்காலிகக் குறிப்பு கிடந்தது. அது எங்கள் கைங்கரியம். மற்றவை என்ன? ஐயா கணக்கைப் பலமுறை திருத்தித் திருத்திச் சேமித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் பழைய எழுத்து அழிவதில்லை. அட்டவணையிலே மாத்திரம் 'காலி' என்று விழும். எழுத்து, யாராவது மேலே எழுதும்வரை, அந்த அறையிலேயே கிடக்கும். 1996, 1997ஆம் ஆண்டுப் பிரதிகளின் துண்டுகள் அப்படிக் கிடந்தன. இல்லாமற்போன துண்டின் பெரும்பகுதி பழைய பிரதியிலே அகப்பட்டது. அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் பழைய பிரதியிலே, புதியதிலே இல்லாத ஒரு நிரல் இருந்தது. நிரல் என்றது கணினி நிரல் அன்று. கணக்கிலே கீழ்நோக்கி ஓடும் பத்தி. ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே, மீன் எடுத்த வியாபாரிகளின் பெயர். அதற்கப்பால் தொகை. எருக்கலம்பிட்டி, உப்புக்குளம் என்று ஊர். எல்லாம் முஸ்லிம் பெயர்கள். கடைசிப் பிரதியிலே அந்தப் பத்தி முழுவதும் நீக்கப்பட்டிருந்தது.

இச்சபையிலே பெரியவர்களுக்கு அந்தக் காலம் தெரியும். எம்மைப் போன்றோருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1990 ஒக்டோபரிலே மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளாலே வெளியேற்றப்பட்டார்கள். கடல்வழியாகக் கற்பிட்டிக்கும் புத்தளப் பக்கத்துக்கும் போய், ஆண்டுக்கணக்காக முகாம்களிலே இருந்தார்கள். பாடசாலைச் சரித்திரப் பாடத்திலே இதை நாங்கள் படித்ததில்லை.

எங்களுக்குள்ளே வாக்குவாதம் வந்தது. நண்பர் சொன்னார்: "அப்பப்பா தானாக அழித்தது. அவர் கேட்டது கடைசிப் பிரதியை. நாம் தோண்டி எடுத்ததைக் காட்டுவது முறையல்ல." மற்றப் பக்கம்: "கிடைத்ததை மறைத்துவிட்டு, கிடைத்தது இவ்வளவுதான் என்று சொல்வது முறையா?" மனிதர் வேண்டாம் என்று அழித்ததையும் வேண்டும் என்று வைத்ததையும் டிஸ்க் வேறுபடுத்துவதில்லை, இரண்டையும் ஒன்றாகவே வைத்திருக்கும். மீட்கிறவன்தான் வேறுபடுத்த வேண்டியவன். பழைய டிஸ்க்கிலே கை வைக்க நினைக்கும் இளைஞர்களுக்கு, ஜே, எம் எழுத்துகளைவிட இது முக்கியம் என்று எங்களுக்குப் படுகிறது. கடைசியிலே, அவரிடமே கேட்பது, அவர் சொல்வதைச் செய்வது என்று தீர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை திண்ணையிலே வைத்து வாசித்தோம். முதற் பாட்டிலிருந்து வரிசையாக. ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடையிடையே, "அது பிழை, அவற்ற வலை ரெண்டு," "அந்தப் புளியமரம் இப்ப இல்லை, அதிலதான் மதில் கட்டினவை" என்று திருத்தினார். பாதித் துண்டு வந்த இடத்திலே நாங்கள் நிறுத்தியதும், விட்ட இடத்திலிருந்து அவரே தொடர்ந்து ஐந்து பெயர் சொன்னார். பிறகு நிற்கவேண்டி வந்தது. மூன்று பெயர் அவருக்கும் வரவில்லை. அந்த மூன்றும் நாங்கள் ஓம் ஓம் என்று தட்டிய அந்த மத்தியானத்திலே போனவை என்பதை மறைக்காமற் சொன்னோம். "போகட்டும்" என்றார்.

அதன்பிறகு பத்தியைப் பற்றிச் சொன்னோம். வாசிக்கவில்லை, இருக்கிறது என்று மாத்திரம் சொன்னோம்.

நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஆக்கள் இல்லாத பத்தியை வைச்சு என்ன செய்யிறதெண்டு எடுத்தனான்" என்றார். "அதில இருக்கிற காசு ஆர் ஆருக்குக் குடுக்கவேணுமெண்டு உங்களுக்குத் தெரியுமோ? அவையள் எங்களுக்குத் தரவேண்டியதில்லை, தம்பி. முன்பணம். சோளகத்துக்க வலை தைக்கிறதுக்கு அவையள் தாறது. வாடைக்க மீன் குடுத்துக் கழிக்கிறது. அந்த வருசம் வாடை வரேக்க வாங்கினவையும் இல்லை, தந்தவையும் இல்லை."

நண்பர், "அப்ப அதை விட்டிடுவமோ, அப்பப்பா?" என்று கேட்டார்.

"வாசி" என்றார்.

வாசித்தோம். இருபத்துமூன்று பெயர். தொகைகள் பெரியவை அல்ல. அந்தக் காலத்து நூறுகளும் ஆயிரங்களும். ஒரு பெயரிலே கைகாட்டி நிறுத்தி, "இது என்ர" என்றார். அவருடைய சொந்தக் கடன்.

இப்பொழுது அந்தக் கணக்கு யூனிகோட்டிலே, பத்தியும் சேர்ந்தே, இருக்கிறது. டிஸ்க் பிரதியின் ஒரு படி நண்பரிடம், ஒன்று எங்களிடம், மற்றொன்று கிராமத்திலே ஒரு ஆசிரியர் வீட்டில். மூலமான டிஸ்க் துணியிலே சுற்றியபடி ஐயாவின் பெட்டகத்திலே கிடக்கிறது. அதற்கு இனி யாரும் மின்சாரம் கொடுப்பதாயில்லை. போன மூன்று பெயர்களுக்கும் இடம் விட்டிருக்கிறோம். பேசாலையிலே வாழ்க்கைப்பட்டிருக்கும் தம் தமக்கையாரைக் கேட்டால் ஒன்றாவது வரும் என்கிறார் ஐயா.

யுத்தம் முடிந்தபிறகு எருக்கலம்பிட்டிக்குத் திரும்பியவர்கள் பலர். வருகிற சனிக்கிழமை ஐயாவை முச்சக்கர வண்டியிலே அங்கே கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறோம். அந்த வியாபாரி இப்பொழுது இல்லையாம், மகன் இருக்கிறாராம். தொகை ஆயிரத்து எண்ணூறு ரூபாய். இன்றைய மதிப்பிலே அது எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத் தரும்படி எங்களிடம் கேட்டிருக்கிறார். அதைத்தான் இப்பொழுது பார்த்துக்கொண்டிருக்கிறோம்.